பேர் கேட்ட குரல்

ஐகோர்ட்துரை அந்தச் சுவிட்சைப் போட்டபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சுவிட்சைக்கூட என்றைக்காவது ஒரு நாள் மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் வேலை பார்த்தது தூத்துக்குடியில், ஒரு மின்சாரக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில். கரிசல் காட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளிலிருந்தும், வெயில் காய்ந்துகொண்டிருக்கும் சூரியத் தகடுகளிலிருந்தும் கிளம்பி வரும் லைன்களை, ஏ.சி.யில் உட்கார்ந்தபடி அணைப்பதும் போடுவதும் தொழில். கம்பத்தில் ஏறப்போகும் லைன்மேன் முதலில் போன் போட்டு எல்.சி. கேட்பான். 'இந்த லைனில் கரண்ட் இல்லை, நீ தைரியமாக ஏறு' என்று அறையில் இருப்பவன் கொடுக்கிற வாக்குதான் எல்.சி. வாக்குக் கொடுத்தவன் திரையில் அந்த லைன்மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். வேலை முடித்துக் கீழே இறங்கியவன் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்ததும் அட்டையைக் கழற்றலாம். இரண்டு கோஷ்டி ஏறியிருந்தால் இரண்டு அட்டை. எல்லா அட்டையும் கழன்ற பிறகுதான் சுவிட்ச். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிசகாமல் செய்துவிடும். ஐகோர்ட்துரை பி.இ. படித்திருந்தான், யோசிக்கிற வியாதி அங்கே தொற்றியது.

அன்றைக்கு ஒரே லைனில் இரண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி இறங்கி எல்.சி.யைத் திருப்பிவிட்டது; அதன் அட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை. இரண்டாவது ஆள் கம்பத்தின் மேலிருந்தே கூப்பிட்டான்.

"சார், வெயிலுமுத்து பேசுதேன். வேலை முடிஞ்சுது. காவலுக்கு மாட்டின எர்த் ராடையும் எடுத்துட்டேன். இந்தா, இறங்கிட்டு எல்.சி.யைத் திருப்புதேன்."

"சரி."

"சார், ஒண்ணு கேக்கட்டா? நாலு மாசமா ஒங்ககிட்டதான் பேசுதேன். ஒங்க பேரு என்ன சார்?"

ஐகோர்ட்துரைக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான்.

காரணம் இருந்தது. புதிதாகச் சேரும் இன்ஜினீயர்களுக்கு அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் பயிற்சி. பயிற்சி என்றால் வகுப்பறை, கரும்பலகை, மத்தியானத் தூக்கம் எல்லாம் கிடையாது. முதல் நாளே மெயின் அறையில், மெயின் திரையின் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். சில நாள் அந்தத் திரையில் ஓடுவது நெஜம். லைனும் நெஜம், லைன்மேனும் நெஜம். சில நாள் எல்லாமே மெஷின் கட்டிவிட்ட கதை; குரல், காற்று, தூரத்தில் பஸ் ஹார்ன் உட்பட. எந்த நாள் எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கும் சொல்ல மாட்டார்கள், அதற்குப் பிறகும் சொல்ல மாட்டார்கள். லைன்மேன்களுக்கும் அதே கதிதான்: எல்.சி. கொடுக்கும் குரல் சில நாள் மனுஷன், சில நாள் மெஷின்.

ஆகவே, பயிற்சிப் பிள்ளைகளுக்கு ஒரே பொழுதுபோக்கு, இன்றைக்கு ஓடுவது அசலா நகலா என்று கண்டுபிடிப்பது. இருமினால் அசல். ரொம்ப மரியாதையாகப் பேசினால் நகல். ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம். விதிகளில் முதல் விதி, லைனில் உன் பேரைச் சொல்லாதே என்பது. லைன்மேன் பேரைச் சொல்லித்தான் எல்.சி. கேட்க வேண்டும், கொடுக்கிறவனுக்குப் பேர் கிடையாது. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்த நாட்டில் மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் பேசிக்கொள்ளும் முறை பொதுவாகவே அப்படித்தான் என்பதால் வித்தியாசமாகப் படவில்லை.

இப்போது இந்தக் குரல் பேரைக் கேட்கிறது. ஆகா, பொறி வைக்கிறது மெஷின். விழுவேனா நான்?

"பணி சம்பந்தமா மட்டும் பேசுங்க," என்று சொல்லி போனை வைத்தான் ஐகோர்ட்துரை. பொறியில் விழாத எலியின் கர்வம் அவனுக்கு. அந்தக் கர்வத்தோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு அட்டைகளையும் ஒரே இழுப்பில் கழற்றினான். சுவிட்சைப் போட்டான்.

திரை ஒரு முறை சிவந்தது. எதுவோ பட்டதுபோல லைன் தானாகவே அணைந்தது. வெயிலுமுத்துவின் நம்பருக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் டீ வந்தது. அறையில் இருந்த மற்றவர்கள் தங்கள் தங்கள் திரையை முன்பைவிடக் கவனமாகப் பார்த்தார்கள். பயிற்சித் தலைவி ஜெசிந்தா மேடம் மெதுவாக நடந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"எந்திரிங்க தம்பி. டீ ஆறுது பாருங்க. நாளைக்கு ஷிப்டுக்கு வாங்க."

யார் எந்தத் தப்பு செய்தாலும் ஜெசிந்தா மேடம் சொல்வது இந்த மூன்று வாக்கியம்தான். அதே குரலில், அதே அழுத்தத்தில். மெஷின்கூட அவ்வளவு ஒரே மாதிரியாகச் சொல்லாது.

*

மறுநாள் காலையிலேயே மேடத்தின் அறை வாசலில் போய் நின்றான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. ஆமா இல்லேன்னு ஒரு வார்த்தை போதும்."

"உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். இறங்க மாட்டேங்குது."

ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பதைத் தாண்டிய முகம். கல்நெஞ்சக்காரி என்று ஹாஸ்டலில் பேர். ஆனால் பயிற்சிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து ரசம் கொண்டுவரும் கல்நெஞ்சு.

"நான் சேர்ந்தப்ப தனியா ஒரு பயிற்சி ரூம் இருந்தது தம்பி. அது விளையாட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். காலையில ரெண்டு மணி நேரத்துல நாலு லைன்மேனைக் கொன்னுட்டு, மத்தியானம் புளிசாதம் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுவோம். அப்புறம் மெயின் ரூமுக்கு வந்தா, கை அதே பழக்கத்துல இருக்கும். அதனாலதான் இதைக் கொண்டுவந்தாங்க. இது வந்த பிறகு விபத்து பாதியாக் குறைஞ்சிருக்கு. அது பொய் இல்ல."

"நான் விபத்தைப் பத்திக் கேக்கலை மேடம். ஒரு ஆளைப் பத்திக் கேக்கேன்."

"நெஜம்னு நான் சொன்னா நீங்க நாளைக்கு வர மாட்டீங்க. பயிற்சின்னு சொன்னா அடுத்த மாசம் நெஜமாவே ஒருத்தரைக் கொல்லுவீங்க. நான் எதைத் தம்பி சொல்லட்டும்?"

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் மேடம்."

"பிடிக்காது. கவனம் பிடிக்கும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "போய் ரெண்டு இட்லியாவது தின்னுட்டு வாங்க."

கவனம் பிடிக்கத்தான் செய்தது. ஒரு அட்டையைக் கழற்ற மூன்று முறை எண்ணினான். குளிக்கப் போகும்போது பாத்ரூம் விளக்குச் சுவிட்சைத் தொடுமுன் யாராவது கம்பத்தில் இருக்கிறார்களா என்று ஒரு கணம் நின்றான். பேப்பரில் தேடினான். 'மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி' என்று வாரத்துக்கு ஒன்றாவது எங்காவது ஒரு மூலையில் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி என்று போட்டிருந்தார்கள். பேர் பாதி நேரம் போடவில்லை. வெயிலுமுத்துவின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மெஷின் கதையில் வரும் நம்பர்கள்கூடக் கதை முடிந்ததும் அப்படித்தான் ஆகிவிடும் என்று ஹாஸ்டல் சாஸ்திரம் சொன்னது. எந்தப் பக்கம் போனாலும் கதவு பாதிதான் திறந்தது.

பேர் வேறு இப்படி அமைந்துவிட்டது. ஐகோர்ட் என்பது அவர்கள் குலசாமியின் பேர்; அப்பா ஆசையாக வைத்தார். ஹாஸ்டலில் சும்மா விடுவார்களா? "ஐகோர்ட்டே தீர்ப்புக்காக அலையுதுடே," என்றார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும் என்று இருந்தது.

*

ஆறேழு வாரம் போயிருக்கும். காலை ஷிப்ட். போன் அடித்தது.

"சார், வெயிலுமுத்து பேசுதேன். எல்.சி. வேணும்."

ஐகோர்ட்துரைக்கு நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. எழுந்தும்விட்டான். அதே குரல். 'பேசுதேன்' என்பதில் அதே இழுப்பு.

"வெயிலுமுத்தா? நல்லாருக்கீரா?"

"நல்லாருக்கேன் சார். சாப்டீயளா?"

"சாப்பிட்டேன்யா, சாப்பிட்டேன்!"

அன்று சாயந்தரம் ஹாஸ்டல் முழுக்க முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று கேட்டவர்களுக்கு, "ஐகோர்ட்டுல விடுதலை," என்றான். அறைத்தோழன் ஜமால், காயல்பட்டினத்துக்காரன், ஒரு மக்ரூனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்; வாயில் போடவில்லை.

"அந்த வெயிலுமுத்து குரலு எனக்கும் வந்துச்சுடே," என்றான் ஜமால்.

"எப்ப?"

"போன வாரம். ஒரே லைன்ல ரெண்டு கோஷ்டி. ஒரு அட்டையை நான் கவனிக்கலை." மக்ரூனை இன்னொரு தடவை உருட்டினான். "போட்டுட்டேன்."

ஐகோர்ட்துரை ஒரு கணம் வாயைப் பிளந்தான். அப்புறம் கட்டிலில் விழுந்து சிரித்தான். "லேய் ஜமாலு, ஒரே ஆளை ரெண்டு பேரு கொல்ல முடியுமாடே? அவன் மனுசனே இல்லலே! மெஷின் கட்டின ஆளு! நீ கொன்னதும் கொலை இல்ல, நான் கொன்னதும் கொலை இல்ல. திங்குடே மக்ரூனை!"

ஜமாலும் சிரித்தான். மக்ரூனை வாயில் போட்டான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மென்றுகொண்டே இருந்த ஐகோர்ட்துரைக்கு, தொண்டையில் ஒரு முந்திரித் துணுக்கு மாட்டியது போல ஒன்று உறுத்தியது.

"ஏடே, உங்கிட்டயும் பேரு கேட்டானா?"

"பேரா? இல்லியே. சாப்டீயளான்னு கேட்டான், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு வெயிலுமுத்து மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசினான். ஒவ்வொரு தடவையும் சாப்டீயளா என்றான். ஒரு தடவைகூடப் பேர் கேட்கவில்லை. ஐகோர்ட்துரை காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வேலை போனாலும் போகட்டும் என்று விதியை உடைத்தான்.

"வெயிலுமுத்து, அன்னைக்கு எம்பேரைக் கேட்டீரே. எம்பேரு ஐகோர்ட்துரை."

"சரி சார். எல்.சி. எடுத்துக்கிடலாமா?"

பிறந்ததிலிருந்து அவன் பேரைக் கேட்டு அந்தப் பக்கத்து மனுஷன் எவனும் சும்மா இருந்தது கிடையாது. ஒருவன் சிரிப்பான். ஒருவன், அந்தச் சாமியின் திருவிழாவை நினைத்து, "கோயில் கொடைக்குப் போவீயளோ?" என்பான். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். 'சரி சார்' என்று மட்டும் ஒரு தொண்டை சொல்லுமா? அப்படியானால் இந்தக் குரல் மெஷின். அதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால், நாலு மாசமாகப் பேசிவிட்டுப் பேரைக் கேட்டதே, அது யார்?

*

வார லீவில் பஸ் ஏறினான். லைன் போகிற வழி திரையில் மனப்பாடம். கம்பங்கள் எந்த ஊர்ப்பக்கம் என்று தெரியும். குதிரைக்காரன்புதூர் விலக்கில் இறங்கினான். தலைக்கு மேலே காற்றாலைகள், நிழலால் ரோட்டை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தன. திரையில் ஒரு மெல்லிய பச்சைக் கோடாகவே பார்த்திருந்த லைன், இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருந்தது. அவ்வளவு உயரம் என்று அவன் நினைத்ததே இல்லை.

டீக்கடையில் விசாரித்தான். "லைன்மேன் வெயிலுமுத்து வீடு எதுங்க?"

கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் கம்பெனியா?"

கடைக்காரர் கைகாட்டிய பக்கம் நடந்தான்; அந்த 'நீங்களும்' கூடவே வந்தது.

கடைசி வீடு. ஓடு போட்ட ஒற்றை அறை, முன்னால் தகரச் சார்ப்பு. சார்ப்பின் கம்பியில் சேலையால் கட்டிய தொட்டில். அதை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவன் வயசுதான் இருக்கும். செருப்பு விடும் சத்தத்துக்கு நிமிர்ந்தாள். யார் என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். தண்ணி குடிக்கீயளா?"

"வேண்டாம்மா. நான் வந்து... வெயிலுமுத்து..."

"நான் அவரு வீட்டுக்காரி. பொன்னுமாரி."

"அவரு..." ஐகோர்ட்துரை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் காணாமல் போயிருந்தது. "அவரு வேலைக்குப் போயிருக்காரா?"

பொன்னுமாரி வெங்காயத் தோலை முறத்தில் போட்டாள். "ஒங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாவ சார். எல்லாரும் ஒங்களை மாதிரித்தான், முகம் வெளிறிப்போய். கடைசியா வந்தவரு காயல்பட்டினமாம். பை நிறைய மக்ரூன் வாங்கிட்டு வந்தாரு. அழுதாரு."

ஜமால். கட்டிலில் அவனோடு சேர்ந்து சிரித்த ஜமால்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பயிற்சிதான், ஒங்க கையால யாரும் சாகலை, நிம்மதியாப் போங்கன்னு சொன்னேன்." தொட்டிலை ஒரு தடவை இழுத்து விட்டாள். "சொல்லக் கூடாதுன்னுதான் கம்பெனியில சொல்லிருக்காவ. ஆனா பெத்தவ ஒருத்தி அந்தப் பிள்ளையளுக்கும் இருப்பால்லா."

ஐகோர்ட்துரைக்கு மூச்சு வந்தது. "அப்ப அவரு..."

"அவரு குரலைக் கம்பெனிக்காரவ கேட்டாவ. செல்லுல பேசினது, பாட்டுப் பாடினது எல்லாம் குடுத்தேன். அவரு குரலை வச்சுப் பாடம் சொல்லிக்குடுப்போம், இன்னொரு வீட்டுக்கு இது வராதுன்னாவ. சரின்னேன்." நிமிர்ந்து பார்த்தாள். "இப்பமும் பேசுதாரா சார்?"

"பேசுதாரு."

"என்ன கேக்காரு?"

"சாப்டீயளான்னு கேக்காரு."

அவள் முகத்தில் ஏதோ மலரப் பார்த்து, பாதியில் நின்றது. தொட்டிலுக்குள் பிள்ளை முனகியது. ஆட்டினாள். ஆட்டம் சீரான பிறகு, வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒங்க கையால லைன் போட்டீயளே, அன்னைக்கு, அதுக்கு முந்தி என்ன கேட்டாரு சார்? வந்த மூணு பேருமே சாப்டீயளான்னு கேட்டாருன்னுதான் சொன்னாவ."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவன் நாக்கு நுனியிலேயே இருந்தது. சாப்டீயளா. அதைச் சொன்னால் நாலாவது ஆளாகத் தண்ணி குடித்துவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறலாம்.

"எம்பேரைக் கேட்டாரு," என்றான் ஐகோர்ட்துரை.

வெங்காயம் உரித்த கை நின்றது. தொட்டில் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் காலையில கஞ்சி குடிக்கும்போது சொன்னாரு," என்றாள் பொன்னுமாரி. "நாலு மாசமா ஒரு சார்ட்டப் பேசுதேன் பிள்ளை, மனுசனா மெஷினான்னே பிடிபடலை. அவரு வாக்கை நம்பித்தான் மேல ஏறுதேன், அவரு யாருன்னு தெரியாம இருந்தா எப்படின்னாரு. இன்னைக்குப் பேரைக் கேட்டுருவேன், மனுசன்னா பேரு சொல்லுவான்லான்னாரு." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், வெங்காயம் என்றும் வைத்துக்கொள்ளலாம். "சொன்னீயளா சார்?"

"சொல்லலை."

"ஏன்?"

"அவரை மெஷின்னு நெனச்சேன்."

தலைக்கு மேலே காற்றாலை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நிழல் சார்ப்பின்மேல் ஏறி இறங்கியது.

"இப்பம் சொல்லுங்க."

"ஐகோர்ட்துரை."

பொன்னுமாரியின் உதடு லேசாக விரிந்தது. இத்தனை மாதமாக அவன் போனுக்குள் தேடிய அந்தச் சின்னச் சிரிப்பு. "ஐகோர்ட்டா? கோயில் கொடைக்குப் போவீயளா?"

"வருசா வருசம் போவேன்."

"கேட்டிருந்தாருன்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. சாயந்தரம் வந்து எங்கிட்டயும் சொல்லிருப்பாரு."

அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நெஜமாம்மா? இல்ல பயிற்சியா? ஒரு வார்த்தை சொல்லுங்க. யாரும் சொல்ல மாட்டேங்காவ."

பொன்னுமாரி முறத்தைத் தள்ளி வைத்தாள். மூன்று பேருக்குச் சொன்னதை நாலாவது ஆளுக்கும் சொல்லலாமா என்று யோசிப்பவள் போல அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நெசந்தான் சார். அன்னைக்கு மேல இருந்தது அவருதான்."